சொற்செயலியும் மெய்ப்புத் திருத்தமும்: ஒரு மதிப்பீடு

இறையியல் கல்லூரிகளில் எழுதப்படும் ஆய்வேடுகளும், திருச்சபைகளின் சுற்றறிக்கைகளும், பேரவைத் தீர்மானங்களும், ஆராதனை முறைமைகளும் இன்று பெரும்பாலும் கணினியிலேயே உருப்பெறுகின்றன. அச்சுக்கோப்பவர் ஒருவர், மெய்ப்புப் பார்ப்பவர் ஒருவர், பதிப்பாசிரியர் ஒருவர் என முன்னாளில் மூவர் பகிர்ந்துகொண்ட பணி இன்று எழுதுகிறவர் ஒருவரின் தலைமேலேயே வந்து விழுந்திருக்கிறது. அவருக்கு உதவியாகச் சொற்செயலி என்னும் மென்பொருள் நிற்கிறது. ஐயத்திற்குரிய சொல்லின்கீழ் அது சிவப்பு நெளிகோடு இடுகிறது. மாற்றுச் சொல்லைப் பரிந்துரைக்கிறது. நடையைச் செம்மையாக்கித் தருவதாகவும் கூறுகிறது. இவ்வுதவி எத்தகையது? எதுவரை நம்பத்தக்கது? மறைநூலைக் கையாளும் பொறுப்புடைய நாம் இதனை எங்ஙனம் பயன்படுத்துவது? இவ்வினாக்களை இங்கு ஆராய முற்படுகிறோம்.

இது தட்டச்சாளர் கவலைப்பட வேண்டிய காரியமேயன்றி இறையியலாருக்கு உரியதன்று எனச் சிலர் கருதக்கூடும். அவர்கள் 1631-ஆம் ஆண்டில் இலண்டனில் நிகழ்ந்ததை நினைவுகூர்தல் நலம். அரச அச்சகத்தாராகிய ராபர்ட் பார்க்கர், மார்ட்டின் லூக்காஸ் என்போர் வெளியிட்ட ஆங்கில வேதாகமத்தில், விபசாரத்தைத் தடைசெய்யும் கட்டளையில் எதிர்மறையைக் குறிக்கும் ஒரு சிறு சொல் விடுபட்டுப்போயிற்று. தடை ஏவலாக மாறிற்று. அச்சிட்டோருக்கு முந்நூறு பவுன் தண்டம் விதிக்கப்பட்டது. இங்கு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. அவ்வசனத்தில் எஞ்சிநின்ற சொற்கள் அனைத்தும் எழுத்துப் பிழையற்றவை. இன்றைய எழுத்துப்பிழை திருத்தியிடம் அப்பக்கத்தை ஒப்படைத்தாலும் அது ஒரு கோடும் இடாது.

1. கருவி செய்வது என்ன?

எழுத்துப் பிழையைக் கண்டறியும் கணினி நிரல்கள் நேற்றுத் தோன்றியவை அல்ல. 1971-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் கோரின் என்பார் அத்தகைய நிரல் ஒன்றை எழுதினார். 1978-ல் வெளிவந்து புகழ்பெற்ற வேர்டுஸ்டார் சொற்செயலிக்குரிய பிழைதிருத்தி தனியே விற்கப்பட்டது. தட்டச்சு செய்யும்போதே சொல்லின்கீழ் நெளிகோடு இடும் வழக்கத்தை 1995-ல் வந்த மைக்ரோசாஃப்ட் வேர்டு பரப்பியது. இலக்கணத்திற்குரிய பச்சைக்கோடு அடுத்த பதிப்பாகிய வேர்டு 97-ல் இடம்பெற்றது.

இவற்றின் அடிப்படைச் செயல்முறை எளியது. நிரலிடம் ஒரு சொற்பட்டியல் உண்டு. நாம் எழுதிய சொல் அதில் இருந்தால் விட்டுவிடுகிறது, இல்லையெனில் கோடிடுகிறது. பின்னர் எழுத்தொன்றைக் கூட்டியும் குறைத்தும் இடம்மாற்றியும் பார்த்து, பட்டியலிலுள்ள அண்டைச் சொற்களை நமக்குமுன் வைக்கிறது. ஆகவே, நெளிகோட்டின் பொருள் 'இச்சொல் எனக்குத் தெரியாது' என்பதே. 'இது தவறு' என்று அது தீர்ப்பளிப்பதாக நாம்தான் எண்ணிக்கொள்கிறோம்.

இவ்வேறுபாட்டை மறந்ததனால் விளைந்த நகைப்புக்குரிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஒத்துழைப்பு எனப் பொருள்படும் 'கோஆபரேஷன்' என்னும் ஆங்கிலச் சொல் இடைக்கோட்டுடன் மட்டுமே சில பழைய பட்டியல்களில் இருந்தது. இடைக்கோடின்றி எழுதியபோது நிரல் அதனை அறியாமல், கலிபோர்னியாவிலுள்ள 'கூப்பர்டினோ' என்னும் ஊரின் பெயரைப் பரிந்துரைத்தது. எழுதியோர் நோக்காது ஏற்றுக்கொண்டனர். நாடுகளின் ஒத்துழைப்பைப் பற்றிய பன்னாட்டு அமைப்புகளின் ஆவணங்களில் கூப்பர்டினோ புகுந்தது. ஐரோப்பிய மொழிபெயர்ப்பாளரிடையே இவ்வகைப் பிழைக்கு அவ்வூரின் பெயரே வழங்கலாயிற்று.

2. கருவியால் வரும் நன்மை

குறைகூறுமுன் நிறையைச் சொல்லுதல் முறை. மனிதக் கண்ணுக்குப் புலப்படாத சிலவற்றைக் கணினி எளிதில் காண்கிறது. ஔவையார் என்னும் பெயரின் முதலெழுத்தாகிய 'ஔ'வை அடிக்கத் தெரியாதோர் 'ஒ'வையும் 'ள'வையும் அடுத்தடுத்து அடித்துவிடுகின்றனர். தாளில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். கணினிக்கோ அவை வெவ்வேறு. ஒரே சொல் இருமுறை அடிக்கப்பட்டிருத்தல், மூடப்படாத பிறைக்கோடு, தேவையற்ற இடைவெளி ஆகியவற்றையும் அது களைப்பின்றிக் கண்டுபிடிக்கும்.

ஆய்வேடு எழுதுவோருக்குத் தேடும் வசதி பெருந்துணை. தரங்கம்பாடி மிஷனெரியின் பெயரை ஒரு மாணவர் முதல் அதிகாரத்தில் 'சீகன்பால்க்' என்றும், மூன்றாம் அதிகாரத்தில் 'சீகன்பால்கு' என்றும், முடிவுரையில் 'சீகன்பால்' என்றும் எழுதிவிடுவார். இருநூறு பக்கங்களில் இதைக் கண்ணால் தேடுவது கடினம். சொற்செயலி சில நொடிகளில் ஒவ்வோரிடத்தையும் காட்டிவிடும்.

தமிழுக்கென்றே உழைத்தவர்களையும் நன்றியுடன் குறிப்பிட வேண்டும். பேராசிரியர் ந. தெய்வசுந்தரம் உருவாக்கிய மென்தமிழ்ச் சொற்செயலியும், நீச்சல்காரன் என்னும் புனைபெயருடையவர் உருவாக்கிய வாணி, நாவி என்னும் திருத்திகளும் தமிழின் சொல்லமைப்பையும் சந்தி இலக்கணத்தையும் கருத்திற்கொண்டு அமைக்கப்பட்டவை. ஆங்கிலத்திற்காகச் செய்த சட்டையைத் தமிழுக்கு மாட்டாமல், தமிழின் அளவெடுத்துத் தைக்க முயன்ற முயற்சிகள் இவை.

3. தமிழில் கருவி தடுமாறும் இடங்கள்

முதலாவது, பொருளுள்ள சொல்லாகவே அமைந்துவிடும் பிழை. ரகர றகர வேறுபாடும் லகர ளகர ழகர வேறுபாடும் தமிழில் பொருளையே மாற்றுவன. 'கிறிஸ்து நமக்காக மரித்தார்' என்பதில் 'மறித்தார்' என விழுந்தால், உயிரைத் தந்தவர் வழியைத் தடுத்தவராகிறார். 'எங்களுக்கு இரங்கும்' என்னும் மன்றாட்டு 'எங்களுக்கு இறங்கும்' என்றாகிவிடும். 'பலி' என்பது 'பழி' ஆனால், மீட்பைப் பற்றிய கோட்பாடே தலைகீழாகும். 'கறையற்ற ஆட்டுக்குட்டி' என்பது 'கரையற்ற ஆட்டுக்குட்டி' எனின் எவரும் திடுக்கிடமாட்டார். 'கரையற்ற அன்பு' என்று கேட்டுப் பழகிய செவிக்கு அதுவும் பக்தியுள்ள தொடராகவே ஒலிக்கும். மேற்கூறிய சொற்கள் யாவும் அகராதியில் இருப்பவை. பட்டியலை மட்டும் பார்க்கும் நிரலுக்கு இவற்றில் பிழையில்லை. சபையார் அனைவரும் ஒரே குரலில் வாசிக்கும் ஆராதனை முறைமையில் இத்தகைய பிழை நேர்ந்தால், அது அச்சுப்பிழையாக மட்டும் நின்றுவிடாது. சபையாரின் ஜெபமாகவே ஆகிவிடும்.

இரண்டாவது, சொல்லுருவங்களின் பெருக்கம். தமிழ்ச் சொல் உருபுகளையும் துணைவினைகளையும் ஏற்று நீண்டு செல்வது. 'பாடுபட்டுக்கொண்டிருந்தவர்களுக்காகவும்' என்பது முற்றிலும் சரியான ஒரு சொல்லுருவம். ஆயினும், எந்தப் பட்டியலும் இத்தகைய உருவங்கள் அனைத்தையும் அடக்கிவிட இயலாது. சொல்லைப் பகுதி, விகுதி எனப் பகுத்துப் பார்க்கும் திறன் நிரலுக்கு வேண்டும். அத்திறன் குறைவாயின் சரியான சொற்களின்கீழும் கோடு விழும். மேவிபோசேத், கப்பர்நகூம் முதலிய வேதாகமப் பெயர்களின் கதியும் பெரும்பாலும் இதுவே. பக்கம் முழுதும் சிவந்திருப்பதைக் கண்டு சலித்தவர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்: நெளிகோடுகளையே பாராமல் விடுகிறார், அல்லது, கோடு கண்ட சொல்லையெல்லாம் 'அகராதியில் சேர்' எனக் கட்டளையிடுகிறார். பின்னது மிக ஆபத்தானது. தவறான வடிவம் ஒருமுறை அப்பட்டியலில் ஏறிவிட்டால், எவரேனும் அதை நீக்கும்வரை அக்கணினியில் அதுவே சரியான வடிவமாக நிலைத்துவிடும்.

மூன்றாவது, ஒற்று. 'வேலை கொடுத்தார்' என்றால் பணி கொடுத்தார். 'வேலைக் கொடுத்தார்' என்றால் வேல் என்னும் படைக்கருவியைக் கொடுத்தார். இரண்டும் இலக்கணத்திற்கு ஏற்றவையே. எது ஆசிரியரின் கருத்து என்பதை, கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என அறிந்தவரே சொல்ல முடியும்.

நான்காவது, ஒட்டுமொத்தமாக மாற்றும் வசதி. பழைய நடையில் எழுதப்பட்ட ஓர் ஆவணத்தை இக்காலத்திற்கு ஏற்பச் செப்பனிட விரும்பும் ஒருவர், 'அவன்' என்று வருமிடமெல்லாம் 'அவர்' என்று மாற்றுமாறு கணினியை ஏவுகிறார் எனக் கொள்வோம். 'அவன் வந்தான்' என்பது 'அவர் வந்தான்' என்றாகும். வினைமுற்றின் விகுதியை நிரல் தொடாது. மேலும் 'அவனுக்கு', 'அவனை', 'அவனால்' ஆகியவை மாறாமலே நிற்கும்; ஏனெனில் அவற்றில் 'ன்' என்னும் புள்ளி எழுத்து இல்லை. இவ்வாறே, 'கர்த்தர்' என்பதை 'ஆண்டவர்' ஆக்கும் நோக்குடன், உருபேற்ற வடிவங்களும் அகப்படட்டும் எனக் 'கர்த்த' என்னும் பகுதியைத் தேடி 'ஆண்டவ' என மாற்றினால், ஏசாயா ஒன்பதாம் அதிகாரத்தில் வரும் 'கர்த்தத்துவம்' என்னும் சொல் 'ஆண்டவத்துவம்' ஆகிவிடும். ஒரே ஆணையில் நூறு இடங்கள் திருந்தும். அதே ஆணையில் பத்து இடங்கள் கெடும். கெட்டவற்றைக் கண்டறிய நூற்றுப்பத்து இடங்களையும் ஒருவர் வாசித்தே ஆக வேண்டும்.

தானியங்கித் திருத்தமும் இவ்வகையினதே. உட்பிரிவுகளுக்கு ஆங்கில நெடுங்கணக்கின் எழுத்துகளைப் பிறைக்கோட்டுக்குள் இடுவோருக்கு, மூன்றாம் எழுத்து பதிப்புரிமைக் குறியாக மாறிவிடும் அனுபவம் புதிதன்று. இதைவிடக் கவனிக்கத்தக்கது தானாக எண்ணிடும் வசதி. மாறிமாறி வாசிக்கும் சங்கீதத்தை எண்ணிட்டு அடித்தபின், இடமின்மை கருதி மூன்றாம் வசனத்தை நீக்கினால், நான்காம் வசனம் தானே மூன்று என்னும் எண்ணைப் பெறும். கையில் வேதாகமம் வைத்திருப்பவர் ஒன்றை வாசிக்க, தாளைப் பார்ப்பவர் வேறொன்றை வாசிப்பார்.

4. மெருகேற்றுதல் என்னும் சோதனை

பிழையை நீக்குவது ஒன்று. நடைக்கு மெருகேற்றுவது மற்றொன்று. ஆங்கிலச் சொற்செயலிகள் நெடுங்காலமாகச் செயப்பாட்டுவினையைச் சுட்டிக்காட்டிச் செய்வினையைப் பரிந்துரைத்து வந்துள்ளன. ருடால்ஃப் பிளெஷ் 1948-ல் வகுத்த வாய்பாட்டைக்கொண்டு ஒரு பக்கம் எளியதா கடியதா என எண்ணால் மதிப்பிடும் வசதியும் வேர்டில் உண்டு. அவ்வாய்பாடு ஆங்கிலச் சொல்லின் அசைகளையும் வாக்கியத்தின் நீளத்தையும் எண்ணி அமைந்தது. ஒரே சொல்லில் ஒரு தொடரின் பொருளை அடக்கும் தமிழுக்கு அது பொருந்தாது. 2022-ன் இறுதியில் சாட்ஜிபிடி வெளியானபின் நிலைமை மேலும் மாறிற்று. பத்தி முழுவதையும் திருத்தி எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவு வசதிகள் இப்போது சொற்செயலிக்குள்ளேயே புகுந்துள்ளன. அவை தரும் நடை வழவழப்பானது. அந்த வழவழப்பே நாம் ஆராய வேண்டியது.

புதிய ஏற்பாட்டு மூலபாட ஆய்வைக் கற்றோர் இவ்வழவழப்பை முன்பே அறிவர். 1734-ல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை வெளியிட்ட ஜொகான் ஆல்பிரெக்ட் பெங்கல், பாட வேறுபாடுகளில் எளியதைவிடக் கடியதே பெரும்பாலும் மூலத்திற்கு அண்மையது என்னும் நெறியை வகுத்தார். காரணம் தெளிவானது. படியெடுத்தோர் கடியதை எளிதாக்குவர். எளியதைக் கடிதாக்குவார் அரிது. மாற்கு முதல் அதிகாரத்தின் தொடக்கத்தில், மல்கியாவின் வாக்கும் ஏசாயாவின் வாக்கும் இணைந்து வர, ஏசாயாவின் பெயர் மட்டும் குறிக்கப்படுகிறது. இதைப் பிழையென எண்ணிய பிற்காலத்தார், ஏசாயாவின் பெயரை நீக்கித் தீர்க்கதரிசிகள் எனப் பொதுப்பட மாற்றினர். நல்லெண்ணத்துடன் செய்த திருத்தமே. ஆயினும், நற்செய்தியாளர் எழுதியதை அது பல நூற்றாண்டுகள் மறைத்துவிட்டது.

வெளிப்படுத்தின விசேஷத்தின் கிரேக்கம் இலக்கண நெறியினின்று பல இடங்களில் விலகுவது. மூன்றாம் நூற்றாண்டிலேயே அலெக்சாந்திரியாவின் பேராயர் தியோனிசியு இதனைச் சுட்டிக்காட்டினார். முதல் அதிகாரத்தின் நான்காம் வசனத்தில் கடவுளைக் குறிக்கும் தொடர், முன்னிடைச்சொல்லை அடுத்து வந்தும் வேற்றுமை ஏற்காது எழுவாய் வடிவிலேயே நிற்கிறது. என்றும் மாறாதவரைக் குறிக்கும் சொல்லும் மாறாதிருக்கட்டும் என ஆசிரியர் கருதியிருக்கலாம் என்பது அறிஞர் பலரின் விளக்கம். மெருகேற்றும் கருவியிடம் அவ்வசனத்தைக் கொடுத்தால் அது உடனே 'திருத்தி'விடும். அவ்வாறே, மலைப்பிரசங்கத்தின் பாக்கிய வசனங்களில் வரும் செயப்பாட்டுவினை, கடவுளின் திருப்பெயரைச் சொல்லாமலே அவர் செயலை உணர்த்தும் யூத மரபினது என யோவாகிம் எரெமியாஸ் விளக்கினார். செயப்பாட்டுவினையைக் குறையெனக் கருதும் கருவிக்கு இந்த அடக்கம் புரியாது.

அப்படியாயின் மெருகேற்றுதலே தவறா? அவ்வாறு கூறுதல் நேர்மையன்று. ஏனெனில், நற்செய்தியாளர் லூக்காவே மெருகேற்றியவர். மாற்கு நற்செய்தியில் ஏறத்தாழ 150 இடங்களில் இறந்தகாலச் செயலை நிகழ்காலத்தில் கூறும் வழக்கு உண்டு. மாற்கைப் பின்பற்றும் பகுதிகளில் லூக்கா அதனை ஏறக்குறைய முற்றிலும் விலக்கினார். திமிர்வாதக்காரனின் படுக்கையைக் குறிக்க மாற்கு ஆண்ட கொச்சைச் சொல்லுக்கு மாற்றாக நயமான சொல்லை அமைத்தார். திருச்சபை லூக்காவை ஏற்றுக்கொண்டது. ஆனால், லூக்கா வந்தபின் மாற்கைத் தூக்கியெறியவில்லை. இருவரையும் அருகருகே வைத்துக்கொண்டது. மேலும் லூக்கா தம் நூலின் முகப்பிலேயே, தாம் எவற்றை ஆதாரமாகக் கொண்டார், எந்நோக்குடன் வரிசைப்படுத்தினார் என்பதற்குப் பொறுப்பேற்று நிற்கிறார். கணினியின் மெருகிலோ பழைய வடிவம் மறைகிறது. திருத்தியவர் இன்னார் என்பதும் மறைகிறது.

நம் வகுப்பறைகளில் இதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். நெல்லைச் சீமையிலிருந்தோ தோவாளையிலிருந்தோ வரும் மாணவர் தம் ஊர்த்தமிழின் உரத்தோடு எழுதுகிறார். வாக்கியம் சில இடங்களில் முறியும். ஆயினும், எங்கே முறிகிறதோ அங்கேதான் அவருடைய சிந்தனை ஒரு சிக்கலோடு மல்லுக்கட்டுகிறது என ஆசிரியர் அறிகிறார். அங்கேதான் கற்பித்தலும் தொடங்குகிறது. கருவி அம்முறிவைப் பூசி மெழுகிவிட்டால், மாணவரின் ஐயமும் மறைந்துவிடும்; அவருக்கேயுரிய சொல்லும் போய்விடும். தேர்வாளர் மதிப்பிடுவது எவருடைய நடையை என்பதே கேள்விக்குரியதாகும். நாளை அவர் சவ அடக்கத்தின்போது துயருற்றோர் முன் நிற்கையில் கணினி உடன்வராது. கைவசமுள்ள சொற்களைக்கொண்டே அவர் பேசியாக வேண்டும்.

5. மாசோரா காட்டும் வழி

ஆயினும், சொற்செயலியிலேயே ஒரு நல்ல நெறிக்கு இடமுண்டு. 'மாற்றங்களைப் பதிவுசெய்தல்' என்னும் வசதியை இயக்கிவிட்டால், நீக்கிய சொல் அடித்துக்காட்டப்பட்டும், சேர்த்த சொல் வேறு நிறத்திலும் நிற்கும். திருத்தியவரின் அடையாளமும் உடன்நிற்கும். எழுதியவர் ஒவ்வொன்றையும் ஏற்கலாம், மறுக்கலாம்.

எபிரெயத் திருமறையைக் காத்தளித்த மாசோரா அறிஞர் கையாண்ட முறைக்கு இது நெருங்கியது. தமக்கு வந்த பாடத்தில் ஒரு சொல் பொருந்தாது எனக் கண்டபோதும் அவர்கள் அதனை அழித்து மாற்றவில்லை. எழுதப்பட்டதை எழுதப்பட்டபடியே விட்டு, வாசிக்க வேண்டியதை ஓரத்தில் குறித்தனர். முன்னது 'கெதிவ்' எனவும் பின்னது 'கெரே' எனவும் வழங்கும். அவர்களிடம் கூர்த்த அறிவும் இருந்தது. அதனோடு அச்சமும் இருந்தது. திருத்துகிறவருக்கு இரண்டும் வேண்டும்.

இவ்வசதிக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. பதிவான மாற்றங்கள் கோப்பிற்குள் மறைந்திருந்து பிறர் கைக்குச் செல்லக்கூடும். 2003-ல் பிரிட்டானிய அரசு ஈராக்கைப் பற்றி வெளியிட்ட வேர்டு கோப்பு ஒன்றில், அதனைக் கையாண்டவர்களின் விவரம் உள்ளேயே தங்கியிருந்து வெளிப்பட்டது. ஒழுங்கு நடவடிக்கை பற்றிய கடிதங்களையும் குடும்பச் சிக்கல்களைக் குறித்த குறிப்புகளையும் கையாளும் போதகர், திருத்தம் முடிந்தபின் பதிவுகளை நீக்கிய தனிப்படியையே அனுப்புதல் கடமை.

6. முடிவுரை

இதுவரை கூறியவற்றால் நாம் துணிவது இது. சொற்செயலியின் கருவிகளை மெய்ப்புப் பார்ப்பதன் முதற்படியாகக் கொள்ளலாம், முடிவாகக் கொள்ளலாகாது. கணினியின் சோதனை முடிந்தபின் ஆவணத்தைத் தாளில் எடுத்து, எழுதாத ஒருவர் வாய்விட்டு வாசிக்க, எழுதியவர் மூலத்தைப் பார்த்துக் கேட்பது பழைய அச்சகங்களின் வழக்கத்தை ஒத்தது. அதனை மீட்டுக்கொள்ள வேண்டும். ஒட்டுமொத்த மாற்றத்தைத் தவிர்த்து, ஒவ்வோரிடமாகப் பார்த்து மாற்றுவது நலம். மறைநூல் வசனங்களையும் எண்களையும் ஆட்பெயர்களையும் மூலநூலோடு ஒப்பிட்டே அச்சுக்கு விடுதல் வேண்டும். பத்தியை மாற்றி எழுதும் கருவியை மாணவர் பயன்படுத்தினால், தம் முதல் வடிவத்தையும் உடன் அளிக்குமாறு கல்லூரிகள் கேட்கலாம். அவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பேசுவதே சிறந்த மொழிப்பாடமாக அமையும்.

1631-ன் அச்சகத்தார் மீது தண்டம் விதிக்கப்பட்டபோது, எவரும் அச்சு எழுத்துகளைக் குற்றஞ்சாட்டவில்லை. அப்பக்கத்திற்குப் பொறுப்பானவர்கள் இன்னார் என்பது தெரிந்திருந்தது. கணினியில் உருவாகும் நம் பக்கங்களுக்கும் அத்தகைய பொறுப்பாளர் ஒருவர் இருத்தல் வேண்டும். ஆராதனைத் தாளின் அடியில் திருத்தியவரின் பெயரை இடும் வழக்கத்தையேனும் நம் சபைகள் தொடங்குமாயின், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகக் கருதுவோம்.